எழுவாய் இல்லாத வருத்தம்

ஆர்ட்வெல், ஒன்டாரியோ
7 அக்டோபர் 2022

அன்பு மகள் லியானுக்கு,

அப்பா எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஆர்லோவும் நியூசிலாந்தில் அதேபோல நன்றாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். மேப்பிள் இலையெல்லாம் கொட்டியாகிவிட்டது, வண்டிக்குக் குளிர்கால டயர் மாட்ட நாள் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை நன்றி நாள் விருந்துக்கு வான்கோழி வந்து குளிர்பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் இந்தச் சேதியை நான் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும் என்று உன் அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். சேதி இதுதான். உன் அம்மா ஜெயித்துவிட்டாள். புதன்கிழமை நம் மாவட்டத்துக் கவுண்டி மன்றத்தில், அத்தனை பேர் முன்னாலும், கார்னெட் லௌக்ஸ் எழுந்து நின்று சாரி சொன்னான்.

இதற்குப் பின்னால் ஒன்றரை வருட வேலை இருக்கிறது, நீ அதில் பாதிதான் கேட்டிருப்பாய். உன் எவர்ட் மாமா இருந்த முதியோர் இல்லத்தை நடத்துவதே கவுண்டிதான், கவுண்டிக்குத் தலைவன் கார்னெட். போன வருடம் ஜனவரியில் கொரோனா உள்ளே புகுந்தபோது நர்ஸ்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு முகக்கவசம்தான் கொடுத்தார்கள், சில நாள் நேற்றைய கவசமேதான். மீதிப் பெட்டிகள் இதைவிட மோசமான நாளுக்கு வேண்டும் என்று சாமான் அறையில் பூட்டிக் கிடந்தன. நர்ஸ்கள் நான்காம் தேதி கார்னெட்டுக்குக் கடிதம் எழுதினார்கள், அவன் பதில் போட்டது பதின்மூன்றாம் தேதி. நடுவில் வானொலியில் வந்து எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னான். பதினொரு பேர் போனார்கள், அதில் ஒருவர் உன் மாமா, இருபத்தொன்பதாம் தேதி போனார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அம்மா தினமும் பிளாஸ்டிக் பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பனியில் அதன்மேல் ஏறி, ஜன்னலுக்கு வெளியே நிற்பாள், பெட்டி நகராமல் நான் பிடித்துக்கொள்வேன். அட்டையில் முந்தின நாள் ஹாக்கி ஆட்டத்தின் கோல் கணக்கை எழுதிக் காட்டுவாள். டொராண்டோ தோற்ற நாளில் கணக்கை மாற்றி எழுதிவிடுவாள், அது உன் மாமாவுக்கும் தெரியும், கட்டிலில் படுத்தபடி விரலை ஆட்டிச் சிரிப்பார்.

அதற்கப்புறம் அவள் கவுண்டிக்கு நான்கு முறை எழுதினாள், நான்கு முறையும் ஒரே பதில். தவறுகள் நடந்திருக்கக்கூடும் என்பது வருத்தத்திற்குரியது, அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து, ஜன்னலை உடைத்தவனையும் வாத்தியார் பொய்ப் பல்லை ஒளித்துவைத்தவனையும் சாரி சொல்ல வைத்தவளிடம் இது செல்லுமா. ஒவ்வொரு பதிலையும் சிவப்புப் பேனாவால் திருத்தி, எழுவாய் எங்கே என்று ஓரத்தில் எழுதி, அவர்களுக்கே திருப்பி அனுப்பினாள். நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. கார்னெட்டும் நானும் இருபத்திரண்டு வருடம் ஒரே கர்லிங் அணி. அவன் பனிக்கட்டித் தரையில் கல்லைத் தள்ளுவான், அது போகிற வழியையெல்லாம் நான் முன்னால் ஓடித் துடைத்துக் கொடுப்பேன், அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. விடு வெர்னா, போனவர் போயிட்டார், கார்னெட் நல்லவன்தான் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். நான்கு நாள் ஒரு கோப்பை தேநீர்தான் போட்டாள், அதையும் அவளே குடித்தாள். இந்த வாரத்துக்கு முன் மூன்று முறை மன்றத்துக்குப் போனபோதும் நான் அவளை வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் புதன்கிழமை உள்ளே போனேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை, அவள் வண்டியை விட்டு இறங்கும்போது வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியிருக்க வேண்டும். அவளுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். உன் பட்டமளிப்புக்குப் போட்ட நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சிவப்பு மை படிந்த நான்கு கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முதல் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, “தவறுகள் நடந்திருக்கக்கூடும்னு போட்டிருக்கீங்க. அதுவா நடந்து வந்துச்சா கார்னெட்? அதுக்குக் காலு இருக்கா? யாராவது கூட்டிட்டு வந்திருக்கணும்ல,” என்றாள். பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. கார்னெட் பக்கத்தில் இருந்த வக்கீல், நல்ல சூட்டு போட்ட இளைஞன், எழுந்து, “அம்மா, அந்த வார்த்தைய அவர் சொல்ல முடியாது, நாளைக்குக் கோர்ட்டுல அதையே பிடிச்சுக்குவாங்க,” என்றான். அம்மா கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். “இந்த மாகாணத்துல சாரி சொன்னத வழக்குல குத்தமா காட்டக்கூடாதுன்னு 2009-லயே சட்டம் போட்டாச்சு தம்பி, நூலகத்துல எடுத்தேன். கடையில நம்ம கால மிதிச்சவங்களுக்கு நாமதான் சாரி சொல்றோம், கதவு இடிச்சா கதவுக்கும் சொல்றோம். பதினோரு பேருக்குச் சொல்ல மட்டும் பயமா?” என்றாள். வக்கீல் தாளைப் படித்தான், காது சிவந்தது, உட்கார்ந்துவிட்டான்.

கார்னெட்டுக்கு இந்த மாதம் இருபத்துநாலாம் தேதி தேர்தல். அது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான், என்னை ஒரு முறை பார்த்தான். இருபத்திரண்டு வருடப் பழக்கம், அவன் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், முன்னால் வந்து துடைத்துவிடு என்று அர்த்தம். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவன் எழுந்தான். “நாலாம் தேதி நர்சுங்க எனக்கு எழுதினாங்க. ஒம்பது நாள் நான் பதில் போடல. எல்லாம் கட்டுக்குள்ள இருக்குன்னு ரேடியோவுல சொன்னேன், சொல்லும்போதே அது இல்லன்னு எனக்குத் தெரியும். சாவியக் கொடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், நான் சொல்லல. சாரி, வெர்னா.” அம்மா, “எனக்கு மட்டும் இல்ல,” என்று பெயர்ப் பட்டியலை நீட்டினாள். பதினொரு பெயரையும் அவனே படித்தான். இதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றலாமா என்று எழுத்தர் கேட்டபோது, ஏற்றுங்கள் என்று சொன்னவனும் அவன்தான். சாமான் அறைச் சாவி இனி அந்தந்த நேரத்து நர்ஸ் கையில் இருக்கும், நர்ஸ்கள் எழுதும் கடிதம் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மன்றம் முழுவதற்கும் போகும் என்று தீர்மானம் வந்தது. ஒரு கைகூடக் கீழே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை லியான், எழுந்து நின்று கைதட்டிவிட்டேன், முழங்கால் வலிகூட நினைவில்லை. வெளியே வந்தால் வண்டி நிறுத்துமிடத்தில் நர்ஸ்கள் வரிசையாகக் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடித்தார்கள், உன் அம்மா ராணி மாதிரி கையை ஆட்டிக்கொண்டு நடந்தாள். நேற்றிலிருந்து வீட்டில் பன்னிரண்டு டஜன் வெண்ணெய் டார்ட் பலகாரம் சேர்ந்திருக்கிறது, ஊரே கொண்டுவந்து கொடுக்கிறது. கார்னெட்டுக்கு ஓட்டுப் போடுவேனா என்று கேட்காதே. புதன்கிழமைக்கு முன்னால் நட்புக்காகப் போட்டிருப்பேன், இப்போது போட்டால் அந்த சாரிக்காகத்தான்.

இப்போது இந்தக் கடிதத்தை ஏன் போனில் சொல்லாமல் எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். அந்த ஜனவரி பத்தாம் தேதி நீ போன் செய்து, மாமாவைப் பார்க்கக் கிளம்பி வரட்டுமா என்று கேட்டாய். அதைப் பற்றி இங்கே, அது ஒரு குழப்பமான காலம், சில தவறுகள் நடந்துவிட்டன என்று முதலில் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன், அடித்துவிட்டேன். நான்தான் உன்னை வரவேண்டாம் என்றேன். எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று வானொலியில் கேட்டதை அப்படியே உனக்குச் சொன்னேன். அதற்கு முந்தின நாளே அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள், உள்ளே இருந்த நர்ஸின் கவசத்தில் பேனாவால் வரைந்த சிரிப்பு, மறுநாளும் அதே சிரிப்பு, பாதி அழிந்திருந்தது என்று. எனக்குத் தெரியும். நீ கவலைப்படக்கூடாது என்று நினைத்தேன், உண்மையில் நீ அழுவதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீ அன்றே கிளம்பியிருந்தால் பதினான்கு நாள் தனியறையில் கிடந்தாலும் கடைசி சில நாள் அந்தப் பால் பெட்டிமேல் நீயும் நின்றிருப்பாய், மாமா உன்னையும் பார்த்து விரலை ஆட்டியிருப்பார். அதை உன்னிடமிருந்து நான் எடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு, மகளே.

உன் பாஸ்போர்ட் வசந்தத்தோடு முடிகிறது என்றாயே, இன்றே விண்ணப்பம் போடு, கிறிஸ்துமஸ் வரை தள்ளாதே. ஆர்லோவுக்கு ஒரு ஹாக்கி மட்டை வாங்கி வைத்திருக்கிறேன், அங்கே பனி இல்லாவிட்டால் புல்லில் ஆடட்டும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், உன் அம்மாவைப் போல நிமிர்ந்து வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
டெல்மர்

பின்குறிப்பு, அம்மா கையால்: படித்தேன். ஒரு காற்புள்ளி விட்டிருந்தார், போட்டுவிட்டேன். எழுவாய் சரியாக இருக்கிறது. இன்று காலையில் இரண்டு கோப்பை தேநீர் போட்டேன்.