என் எண்ணுக்கு வந்த ரிப்போர்ட்

அம்மா,

ஒரு பெண்ணின் பதினொரு நாளை நான் திருடிவிட்டேன். பயப்படாதே, நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா?

எங்கள் அரசு ஆஸ்பத்திரி லேபுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. போன் எண் போடாவிட்டால் அது ரத்தத்தையே ஏற்காது. ரிப்போர்ட்டும் போனுக்குத்தான் போகும். ஏழைகளை மறந்துவிட்டு வாங்கிய மெஷின். போன் இல்லாதவர்களுக்கெல்லாம் என் எண்ணைப் போட்டேன், அதில் குவிந்த ரிப்போர்ட்டுகளைப் பார்க்கவில்லை. தினமும் வந்து கேட்ட அந்தச் சித்தாள் அக்காவிடம், "இன்னும் வரலக்கா" என்றேன். பதினோராம் நாள்தான் என் போனில் அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தேன்; அவருடைய சிறுநீரகம் கெட்டிருந்தது.

"என் ரத்தம் உன் பாக்கெட்லயா தூங்குச்சு, தம்பி?" என்று வார்டில் படுத்துக்கொண்டு சிரித்தார். திட்டியிருக்கலாம்.

என் பழைய போர்வையை அனுப்பு. டியூட்டிக்கு நேரமாகிறது.

உன்னிடமும் போன் இல்லை. போன மாதம் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தபோது யார் எண்ணைச் சொன்னாய்? உடனே எழுது.