மஞ்சள் கோட்டுக்கு முன் நான் பேசியது

அக். 14, செவ்வாய்

காலையில் வெயில். மதியம் தாண்டியதும் இடி. முற்றம் முழுக்க ரப்பர் இலை.

விமான நிலைய டவர் இருக்கையிலிருந்து என்னை இறக்கி ஆறு நாள். கேரள எல்லையோரம் குன்னத்துகால் வீட்டுக்கு வந்து நாலு நாள். கேட்பவர்களிடமெல்லாம் "லீவு."

செய்ய வேண்டியவை: மாவு அரைக்க. மூக்குக் கண்ணாடி மாற்ற. விசாரணைக்கு வாக்குமூலம். முதல் இரண்டும் முடிந்தன.

நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். தரையில் உருண்டு போகும் விமானங்களுக்கு வழி சொல்வது என் வேலை. அன்று ஒரு விமானத்தை ஓடுபாதைக்கு முன்னால், மஞ்சள் கோட்டில் நிற்கச் சொன்னேன். துணை விமானி, ஒரு பெண், சரியாகத் திருப்பிச் சொன்னாள். ஆனால் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி மூக்கு ஓடுபாதைக்குள். இறங்க வந்துகொண்டிருந்த வேறொரு விமானத்தைப் பக்கத்து இருக்கை ராஜீவ் மறுபடி மேலே ஏற்றிவிட்டான். யாருக்கும் ஒன்றுமில்லை.

முதல் அறிக்கை ஒரே வரி: துணை விமானி வெளியே பார்க்கத் தவறினார். ஓட்டிய கேப்டனுக்கு எச்சரிக்கைக் கடிதம். இவள் வேலைக்குப் புதிது. வேலையே போகலாம்.

அறிக்கையில் இல்லாதது: கோடு நெருங்கும்போது அவளிடம் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

அக். 15, புதன்

மழை இல்லை. துணி காய்ந்தது.

ராஜீவ் போன். நெய்யாற்றின்கரைக்காரன். பாதி மலையாளம், பாதி தமிழ்.

"சேச்சி, வாக்குமூலம் அரைப் பக்கம் போதும். நில்லுன்னு சொன்னீங்க, அவள் ஏற்றுச் சொன்னாள். டேப்பில உண்டு. தீர்ந்நு."

"அதுக்கப்புறம் நான் சொன்னதும் டேப்பில் இருக்கிறது."

"அது தெற்றொண்ணும் இல்லல்லோ, தப்பே இல்ல! எல்லாரும் செய்யிறதுதானே."

எல்லாரும் செய்வதுதான். கிளியரன்ஸ், அதாவது மேலேறும் வழியோ உயரமோ, கடைசி நேரத்தில் மாறினால், விமானம் உருளும்போதே சொல்லிவிடுவோம். நின்ற பிறகு சொன்னால் தாமதம், பின்னால் வரிசை. எங்கள் டவரில் அது மரியாதை மாதிரி. அதில் எனக்கு நல்ல பெயர் வேறு. "வேகம்னா மேடம்தான்." பயிற்சிக்கு வருபவர்களுக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன்.

கேட்பவள் குனிந்து எழுத வேண்டும். திருப்பிச் சொல்ல வேண்டும். கணினியில் மாற்ற வேண்டும். கூடவே சரிபார்ப்புப் பட்டியல், பின்னாலிருந்து பணிப்பெண்ணின் அழைப்பு. அப்போது கண்ணாடிக்கு வெளியே பார்ப்பது யார்?

இது என் ஊகமாகவும் இருக்கலாம். குற்ற உணர்ச்சி நல்ல சாட்சி அல்ல.

அக். 16, வியாழன்

சோதித்துப் பார்த்தேன்.

செ. (என் கணவர் செல்வின், டிரைவிங் ஸ்கூல்) வண்டி ஓட்ட. முன்னிருக்கையில், துணை விமானியாக, அவருடைய அக்கா லீலா மைனி. முப்பது வருடம் நர்ஸ். டாக்டர் சொல்லச் சொல்ல மருந்து எழுதிய கை. நான் பின்னால், டவராக. பனச்சமூட்டில் தமிழ்நாடு தொடங்குவதற்கு முன் ஒரு சாயாக்கடை. அதைத் தாண்டக் கூடாது. மைனி கடையைப் பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டும்; நான் சொல்லும் எண்களையும் எழுத வேண்டும்.

செ. சிரித்தார். "தினம் பத்து தடவை போற வழியாக்கும். கண்ணைக் கெட்டிவிட்டாலும் நிப்பேன்."

கடைக்குக் கொஞ்சம் முன்னால் எண்களைச் சொல்ல ஆரம்பித்தேன். மைனி குனிந்து எழுதினாள்.

"நாலா ஏழா மக்கா? ஒருக்க கூட சொல்லு."

செ. தலையைத் திருப்பி, "ஏழு, அக்கா."

அதற்குள் கடை பின்னால் போயிருந்தது. மைனி நிமிர்ந்தாள். "எலே, நிறுத்துலே! தமிழ்நாடு வந்தாச்சு!"

சாயாக்கடைக்காரர் கை தட்டிச் சிரித்தார். இன்னொரு தடவை. அப்போதும் தாண்டினோம், இந்த முறை பாதி வண்டி. மூன்றாவது தடவை நான் வாயே திறக்கவில்லை. கடைக்கு முன் நின்றது. பிறகு சொன்னேன். ஓர் எண்ணும் தவறவில்லை.

மூன்று தடவை ஆய்வாகாது. கார் விமானமும் அல்ல. ஆனால் தாண்டிய இரண்டு தடவையும் வண்டியில் கவனமில்லாதவர் யாருமில்லை.

திரும்பும்போது மைனி கேட்டாள். "அந்தப் பிள்ளையும் இப்பிடித்தான் குனிஞ்சிருப்பா, இல்லியா?"

அக். 17, வெள்ளி

மின்சாரம் போய்ப் போய் வந்தது. பேனாவால் எழுதினேன். நாலாவது பத்தி:

"விமானம் கோட்டை நெருங்கும்போது மாறிய கிளியரன்ஸைச் சொன்னேன். அவசரம் இல்லை. நின்ற பிறகு சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும்."

செ. இரண்டு முறை படித்தார். "இதைக் குடுத்தா பயிற்சி குடுக்கிய அனுமதி போவும். வரப்போற சூப்பர்வைசர் இன்டர்வியூ?"

"அதுவும்."

"ஆரும் உங்கிட்ட கேக்கல்லியே."

கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. அதனால்தான் தனித் தாள்.

இரவு மரச்சீனிக் கிழங்கும் மீனும். செ. எனக்கு முள் எடுத்து வைத்தார். பழக்கமில்லாத காரியம்.

அக். 21, செவ்வாய்

விசாரணை. ஏசி அதிகம், சேலை மேல் சால்வை.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். டேப் போட்டார்கள். என் குரல்: தெளிவு, வேகம், கொஞ்சம் கர்வம். நடுவில் அவள் குரல்: "மறுபடி சொல்லுங்கள், நாலா, ஏழா?" மறந்தே போயிருந்தேன்.

மைனி கேட்ட அதே கேள்வி.

நடுவில் இருந்தவர் தாளைத் தள்ளினார். "நாலாவது பத்தி விதிமீறலைச் சொல்லவில்லையே. எடுத்துவிடலாமா? உங்கள் நன்மைக்கு."

"வேண்டாம்."

"எல்லாரும் செய்கிறார்களா?"

"ஆமாம். நான் நன்றாகச் செய்வேன்."

எழுதிக்கொண்டார்கள்.

அக். 30, வியாழன்

ராஜீவ் போன். அறிக்கை திருத்தம். அந்தப் பெண் மறுபயிற்சி முடித்துப் பறக்கலாம். என் பயிற்சி அனுமதி ரத்து. இன்டர்வியூ பட்டியலில் பெயர் இல்லை. "சேச்சி, உங்களுக்குக் கிறுக்காக்கும்." போனை வைக்கும் முன், "நானும் இனிமே நின்ன பிறகுதான்." நம்பலாமா, பார்ப்போம்.

மைனியிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளை பறக்குமா? அது மதி மக்கா, போதும்."

நவ. 3, திங்கள்

மறுபடி இருக்கையில். மூட்டம், ஆனால் கோடு தெரியும் வெளிச்சம். நடைமுறை மாற்றம் பற்றி நோட்டீஸ் எதுவும் ஒட்டவில்லை.

பத்து மணி வாக்கில் மாறிய கிளியரன்ஸ் கையில் வந்தது. விமானம் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. பின்னால் இரண்டு.

பக்கத்து இருக்கைப் புதியவள் எட்டிப் பார்த்தாள். "மேடம், கொடுக்கலையா? வரிசை ஆகுதே."

"முதலில் நிற்கட்டும்."