போல்ட்டில் போட்ட வெள்ளைக் கோடு

9 பெப்ரவரி 2025, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் வழக்கம் போல காரை ஸ்டார்ட் செய்து, போனைப் பக்கத்தில் பிடித்து, சத்தத்தைப் பதிந்து ஷிராணிக்கு அனுப்பினேன். வயதான ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் சைப்ரஸ் போனதிலிருந்து ஒரு ஞாயிறும் இது தவறியதில்லை. மற்றவர் பெண்டாட்டிகள் புருஷன் குரலைக் கேட்கத் தவிப்பார்களாம். என்னுடையவளுக்கு எஞ்சின் குரல் வேண்டும். ஏப்ரல் சீசனில் நுவரெலியா மலையில் இந்தக் காரை ஏற்றிப் பந்தயம் ஓட்டியவள் அவள். நான் அவளுடைய மெக்கானிக், அவ்வளவுதான்.

பதில் உடனே வந்தது. "ஏங்க, டிக் டிக்குன்னு ஒண்ணு கேக்குதே. ஹெடர் லீக்கா?"

லீக்காம்! கொட்டகலையில் பாதி வண்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான். கடல் தாண்டி இருந்துகொண்டு அவள் எனக்குச் சொல்கிறாள். போன் மைக் சரியில்லை என்று எழுதினேன்.

11 பெப்ரவரி

மழை. கராஜில் வேலை அதிகம். லீக் எல்லாம் இல்லை.

13 பெப்ரவரி

லீக்தான்.

காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்து குனிந்து கேட்டேன். டிக், டிக், டிக். எஞ்சின் சூடேறியதும் நின்றுவிட்டது. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்ளும், அதனால்தான். டோர்ச் அடித்தால், புகையை வெளியே எடுத்துப்போகும் அந்த ஹெடர் குழாய்கள் எஞ்சினோடு சேரும் இடத்தில் கரிக் கோடு. நடுவிலிருந்த இரண்டு போல்ட்டுகள் விரலாலேயே சுற்றின. நானே முறுக்கியவை.

16 பெப்ரவரி, ஞாயிறு

ஒப்புக்கொண்டேன். சிரி சிரி என்று சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கேட்க ஒரு போல்ட் கழன்றால் தேவலை என்று இருந்தது.

பிறகு கேட்டாள்: "சும்மா நின்ன வண்டில எப்படிங்க கழண்டுச்சு?"

கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

18 பெப்ரவரி

ஹெடரை இறக்கினேன். இடையில் புகை கசியாமல் வைக்கும் கேஸ்கெட் ஒரு ஓரம் தீய்ந்திருக்கிறது. குழாய்க்குள் துரு.

அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் நானே சொல்லும் பதில். வண்டியைச் சூடாக்கி, ஓட்டாமல் ஆறவிட்டு, திரும்பச் சூடாக்கினால் ஹெடர் விரிந்து சுருங்கி போல்ட்டைத் தளர்த்திவிடும். உள்ளே படியும் ஈரமும் காயாது, குழாயைத் தின்னும். ஞாயிறுதோறும் நான் செய்தது அதைத்தான். அவள் கேட்கட்டும் என்று ஆசை ஆசையாகச் செய்தது.

19 பெப்ரவரி

புதுக் கேஸ்கெட் போட்டாயிற்று. இனி ஒரு ஏற்றமாவது ஓட்டி நன்றாகச் சூடாக்கி, முழுசாக ஆறவிட்டு, மறுபடி முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கதைதான்.

ஓட்டுவதுதான் பிரச்சினை. ஷிராணி ஆள் கட்டை. சீட் அவளுக்கு ஏற்றபடி முன்னால் இருக்கிறது. நான் உட்கார்ந்தால் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும். அதனால் இத்தனை நாளும் வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கையை விட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.

சோறு கொண்டுவந்த சுகிர்தம் அக்கா அதைப் பார்த்துவிட்டாள். "சீட்ட தள்ளிட்டு ஏறுடா மிலான். அது என்ன, மாதா சுரூபமா?"

"தள்ளினா அவ வச்ச இடம் தெரியாம போயிரும்க்கா. ஏப்ரல்ல வந்திருவா. அவளே ஓட்டட்டும்."

அக்கா சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அக்கா திட்டாமல் போனால் எனக்குப் பயம்.

23 பெப்ரவரி, ஞாயிறு

இன்றைக்குச் சத்தம் அனுப்பவில்லை. 'ஹெடர் ரெடி. நீ வந்து ஓட்டுறதுதான் பாக்கி' என்று எழுதினேன்.  பதில் எழுதாமல் அவளே போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க... சீட்ட பின்னால தள்ளிட்டு நீங்களே ஓட்டுங்க."

புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். "ஏப்ரல்ல வரலியா?"

"அந்தம்மா படுத்த படுக்கையாயிட்டாங்க. என் கையத் தவிர யார் கையிலயும் சாப்பிட மாட்டேங்கிறாங்க. இன்னும் ஒரு வருசம் இருக்கேன்னு சொல்லிட்டேன்."

சொல்லிட்டாளாம். சொல்லட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்கல. சொல்லிட்டா.

24 பெப்ரவரி

நானும்தான் யார் கையிலும் சாப்பிடவில்லை. அக்கா வைத்துப்போன சோறு அப்படியே இருக்கிறது.

28 பெப்ரவரி

கோபத்தோடு ஸ்பேனரைத் தொடக் கூடாது. தெரியும். இருந்தும் முறுக்கினேன். இறுகிய பிறகும் விடாமல் முறுக்கினேன். ஓரத்து போல்ட் படக்கென்று முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது.

யாரிடம் காட்டுகிறேன் கோபத்தை? நாலு இரும்புக் குழாயிடம்.

5 மார்ச், சாம்பல் புதன்

நோர்வூட்டிலிருந்து சிநேகிதன் சோலைமலை வந்து முறிந்ததைத் துளைத்து எடுத்துக் கொடுத்தான். "ஒனக்கா மச்சான் போல்ட் ஒடஞ்சிச்சு?" என்று மட்டும் கேட்டான். நெற்றியில் சாம்பலோடு நின்றிருந்தேன். 

அவளை இன்றைக்கு மனசு ரொம்பத் தேடுகிறது.

10 மார்ச்

எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன், பொறுமையாக. நடுப் போல்ட்டிலிருந்து ஓரத்துக்கு, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கம் காட்டும் அளவு ரெஞ்ச் சொன்ன இடத்தில் நிறுத்தி. குழாயின் பாரம் முழுக்க போல்ட்டில் தொங்காமல் கீழே ஒரு தாங்கியும் வைத்தேன். கடைசியில் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் ஹெடர் வரைக்கும் வெள்ளைப் பெயின்டில் ஒரு சின்னக் கோடு. போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

தூரிகையில் பெயின்ட் மிச்சம் இருந்தது. சீட் நகரும் கம்பியில், அவள் வைத்திருந்த இடத்தில், ஒரு கோடு போட்டேன். அப்புறம்தான் சீட்டைத் தள்ளினேன்.

தலவாக்கலை வரை போனேன். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தத்தைக் கேட்டதும் நிமிர்ந்து கையை ஆட்டினார்கள். ஷிராணி என்று நினைத்திருப்பார்கள். உள்ளே என்னைப் பார்த்ததும் கைகள் இறங்கின. கோபம் வரவில்லை. எனக்கும் அப்படித்தானே இருக்கிறது.

டெவன் வளைவில், அவள் கியரைக் குறைக்கும் இடத்தில், என் கை தானாகக் குறைத்தது. பக்கத்து சீட்டில் இருந்தே பழகிய கை. ஓரமாக நிறுத்தி அழுதேன்.

11 மார்ச்

நன்றாக ஆறிய பிறகு ரெஞ்ச் வைத்தேன். இரண்டு மட்டும் இன்னும் துளி இறுகின. பழைய கோட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன்.

16 மார்ச், ஞாயிறு

காலையிலேயே மறுபடி போனேன். போனைப் பக்கத்து சீட்டில் கட்டி வைத்து, குளிரில் ஸ்டார்ட் செய்ததிலிருந்து ஏற்றம் முடியும் வரை பதிந்து அனுப்பினேன்.

"டிக் இல்ல" என்று முதலில் வந்தது. பிறகு, "அந்த வளைவுல அவசரப்பட்டு கியர் மாத்துறீங்க." கடல் தாண்டியும் குறை பிடிப்பாள்.

சற்றுப் பொறுத்து, "சீட் தள்ளிட்டீங்களா?"

கம்பியில் போட்ட கோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போனில் கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்:

"அத அழிச்சிராதீங்க, என்ன?"

27 ஏப்ரல், ஞாயிறு

நுவரெலியா மலைப் பந்தயத்தில் நானே ஓட்டினேன். கடைசிக்கு முந்தின இடம். ஷிராணி ஓட்டியிருந்தால் என்று நாலு பேர் சொன்னார்கள். ஐந்தாவதாக நானும் சொன்னேன். அவளிடம் சொன்னதற்கு, "அடுத்த வருசம் பாருங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து காரைக் கராஜில் விட்டேன். எஞ்சின் ஆறும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, பொனட்டைத் திறந்து பார்த்தேன். போல்ட் கோடுகள் ஒன்றும் விலகவில்லை.

பிறகு குனிந்து சீட்டை முன்னால் இழுத்தேன், அவள் கோடு வரை.