இரண்டு ராஜ்ஜியங்களின் வேலியைப் பிடுங்கிய கதை

28 மே 2024, செவ்வாய்

இனி நான் எழுதப்போவதை எந்த மனிதப் பிறவியும் நம்பாது. ஆகவே சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். விருத்தாசலத்தில், ஃபியூஸ் கேரியர் செய்யும் பீங்கான் பட்டறைக்குப் பின்னால், ஏசி போட்ட ஒரு பொந்துக்குள் இரண்டு ராஜ்ஜியங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் சக்கரவர்த்தி நான். சக்கரவர்த்திக்கு முழங்கால் வலி.

அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறதாம். வெயிலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல. மணிமுத்தாற்றுக் கொக்கு ஒன்று டீக்கடைக்கு நடந்து வந்து மோர் கேட்டது. பார்த்தேன்.

29 மே

சாம்ராஜ்ஜிய வரலாறு. அக்கா பாக்கியமேரி கண்மூடிய வருஷம் அவள் பிள்ளைகள் சொத்தைப் பிரித்தார்கள். மூத்தவன் சார்லஸுக்குப் பட்டறை. டாக்டர் மெர்சிக்கு முன்பக்கக் கட்டடம், அங்கே அவள் ஸ்கேன் சென்டர். கிணறு பொது, மோட்டர் போட ஆளுக்கொரு முறை. சர்வர்களையும் டிஸ்க் பெட்டிகளையும் இணைக்கிற ஸ்விட்சும் பொது, அதை அறுத்துப் பங்கு போட முடியாததால். (சார்லஸ் அதற்கும் ஆள் பார்த்தான்.)

"அவ மிஷின் பேரு கூட என் கண்ணுல படக் கூடாது மாமா."

"அண்ணன் பேரு என் ஸ்க்ரீன்ல வந்துச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

சென்னையில் ஒரு வங்கிக்கு இதே வேலை பார்த்து ஓய்ந்த தாய்மாமன் என்ன செய்வான்? ஒரே ஸ்விட்சுக்குள் நிர்வாக எல்லை போட்டேன். ஒன்றாம் எல்லை சார்லஸ், இரண்டாம் எல்லை மெர்சி. உள்ளே போனால் அவரவர் பொருள் மட்டுமே தெரியும். அடுத்தவர் இருப்பதே தெரியாது. எதிலும் சேராதது பூஜ்ஜியத்தில் விழும், புறம்போக்கு மாதிரி. எல்லாவற்றையும் பார்க்கிற இருநூற்று ஐம்பத்தைந்தாம் எல்லை எனக்கு.

வேலி இருக்கிற தைரியத்தில் ஒருவரை ஒருவர் திட்டிப் பெயர் வைத்தார்கள் பாருங்கள்! மெர்சி தன் டிஸ்க் பெட்டிக்கு வைத்தது "கஞ்சன்". சார்லஸ் தன்னுடையதற்கு வைத்தது "ராட்சசி". இரண்டையும் தட்டச்சு செய்த பாவி நான். சொத்தைப் பிரித்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சர்ச் பூசைக்குக் கூட வேறு வேறு வாசல்.

31 மே, வெள்ளி

மெர்சியின் பெட்டி நிரம்பி வழிகிறது. புதுப் பெட்டி வாங்கிவிட்டாள். அது ஸ்விட்சின் பழைய மென்பொருளோடு பேச மாட்டேன் என்கிறது. புது மென்பொருளோ எல்லைகளையே ஒழித்துவிட்டது. வேலியைப் பிடுங்கிவிட்டு வா, அப்புறம் ஏறுகிறேன் என்கிறது. ஏற்றாவிட்டால் அடுத்த மாதம் படம் சேமிக்க இடமில்லை. ஸ்கேன் சென்டரைப் பூட்ட வேண்டியதுதான்.

1 ஜூன்

வேலி போனால் கஞ்சனும் ராட்சசியும் பூஜ்ஜியத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு பேரும் பார்ப்பார்கள். அப்புறம் கிணறும் நடுவில் சுவர் வைத்துப் பிரிக்கப்படும். எனக்கு எதுக்கு இந்த வேலை?

5 ஜூன், புதன்

சார்லஸிடம் போனேன். பெயரை மாத்திடலாமா என்றேன்.

"ஏன், அவ பார்த்துடுவான்னு பயமா? பார்க்கட்டுமே! நான் என்ன பொய்யா வெச்சிருக்கேன்?"

கேட் வரைக்கும் கூடவே வந்தான். "மாமா... நெசமாவே பார்ப்பாளா?"

"பார்ப்பா. மாத்திடவா?"

"வேணாம். அவளுக்குப் பயந்து மாத்துனேன்னு ஆயிடும்."

முன்கட்டடத்துக்குப் போனேன். மெர்சியும் ஏறக்குறைய இதையே சொன்னாள். குரல் கூட அதே. ஒரே வயிறு.

9 ஜூன், ஞாயிறு

இரண்டு பக்கமும் விடுமுறை. வேலியைப் பிடுங்கினேன். அதற்கு முன் எந்த சர்வர் எந்தப் பெட்டியைப் பார்க்கலாம் என்ற வழிகளைப் பூஜ்ஜியத்தில் மறுபடி எழுத வேண்டும். சார்லஸுடையதை எழுதி அமல்படுத்தினேன். மெர்சியுடையதை எழுதிச் சேமித்ததும் கரண்ட் போச்சு. யுபிஎஸ் போட்ட கூச்சல் சேத்தியாத்தோப்பு வரை கேட்டிருக்கும். ஏசி நின்றதும் அறை சூளையாகிவிட்டது. என்னை வெளியே எடுத்திருந்தால் பளபளவென்று ஜாடியாக வந்திருப்பேன். அவசர அவசரமாக எல்லைகளை அழித்தேன், மென்பொருளை ஏற்றினேன். சுபம். உடம்பு முடியவில்லை.

10 ஜூன், திங்கள்

கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன், கல்யாணப் பத்திரிகை வைக்க. மெர்சி போன்.

"மாமா, பழைய படம் ஒண்ணு கூட திறக்கல. தலையில கட்டியோட ஒருத்தரு உக்காந்திருக்காரு. போன தடவை எடுத்த படம் இல்லாம ஆபரேஷன் முடிவு பண்ண முடியாதுங்குறாங்க!"

என்ன செய்தேன்? என்னத்தைச் செய்யாமல் விட்டேன்?

அவள் வைத்த கையோடு சார்லஸ் போன். விடிந்ததும் ஜெபத்துக்கு முன்னால் தன் டிஸ்க் இருக்கிறதா என்று பார்க்கிற பிள்ளை அவன்.

"மாமா, என் ஸ்க்ரீன்ல கஞ்சன்னு ஒண்ணு தெரியுது. வழி எழுதியிருக்குது, அமல்ல இல்ல."

சேமித்தேன். அமல்படுத்தவில்லை! அட கிழட்டுப் பயலே.

"எங்க வூட்ல என்னை அப்படிக் கூப்புடுறது ஒரே ஆளுதான் மாமா" என்றான்.

"சரி சரி, அமல்படுத்துடா சாமி! ஒரு கட்டளைதான், சொல்றேன் அடி."

"மாட்டேன். அவ பொருளு. முறைக்காரங்க கிட்ட கேக்காம கிணத்து மோட்டரைப் போடுவோமா?"

"கேளுடா அப்ப!"

வைத்துவிட்டான். கட்டளையை அவனுக்கு மெசேஜில் அனுப்பிவிட்டு, பாதி வழியில் இறங்கி எதிர்ப் பஸ் பிடித்தேன். ஸ்கேன் சென்டருக்குள் போனபோது படங்கள் திறந்திருந்தன. கட்டிக்காரரைக் கடலூருக்கு அனுப்பியாகிவிட்டது. வரவேற்பில் இருக்கிற பெண்தான் சொன்னது: சார்லஸ் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றானாம், இப்படிக் கேட்டானாம்:

"ஏ ராட்சசி, உன் கஞ்சன் வெளிய நிக்கிறான். உள்ள விடட்டுமா?"

14 ஜூன், வெள்ளி

பெயர்களை மாற்றிக் கொடுக்கிறேன் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். "நல்லாத்தானே இருக்குது" என்றான் அவன். "இருக்கட்டும் மாமா, அண்ணன் தேடுனா கெடைக்கணும்ல" என்றாள் அவள். இன்னும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆனால் இன்று பூசைக்கு ஒரே வாசல்.

என் இருநூற்று ஐம்பத்தைந்தாம் அரியணை போச்சு. இனிமேல் நானும் புறம்போக்குதான்.

சரி, நம்பாதீர்கள். மோர் கேட்ட கொக்கு பொய். சாம்ராஜ்ஜியம் பொய்; அது துளைகள் உள்ள ஒரு பெட்டி. வாசற்படி வசனத்தில் கூட அந்தப் பெண் கொஞ்சம் சேர்த்திருப்பாள், மிச்சத்தை நான் சேர்த்திருப்பேன். அவன் கேட்டுவிட்டுத்தான் தொட்டான் என்பது மட்டும் நிஜம்.