ஒன்பதாம் நாள் அரிசி

மே 5, திங்கள்

மூன்று மணியிலிருந்து மழை. ஃபேக்டரியிலிருந்து நேராக செலண்டார் ஊர்க் கோயில். திருவிழாச் சமையலுக்கான ஸ்டோர் எண்ணிக்கையை இன்றே முடிப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டு போனேன். முடித்தேன்.

இருந்தவை:
அரிசி (10 கிலோ பை) – 12
துவரம்பருப்பு – 3 மூட்டை. ஒன்றை எலி ஏற்கெனவே திறப்பு விழா செய்துவிட்டது.
எண்ணெய் – 9 டின்
புளி – கடவுளுக்கே வெளிச்சம்
உப்பு – என் ஆயுளுக்குப் போதும்

பகலில் நாலாயிரம் வகை ஸ்க்ரூவும் நட்டும் என் பொறுப்பு. பதினாறு வருடம், ஒரு நாள்கூட சாமான் இல்லாமல் லைன் நின்றதில்லை. கோயில் சமையல்கட்டில் மொத்தம் இருபத்திரண்டு சாமான். இதை ஒழுங்குக்குக் கொண்டுவர முடியாவிட்டால் நான் வேலையை விட்டுவிட்டு ஊறுகாய் போடலாம்.

சமையல் பார்க்கும் கோபால் பண்டாரி எட்டி நின்று லேப்டாப்பைப் பார்த்தார். அவருடைய முறை வேறு. அரிசி டிரம்மைக் கரண்டியால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, கடைக்கு ஃபோன் போடுவார்.

"மாலா, இது தட்டுமா?"

"தட்டாதுண்ணே. எண்ணும்."

"எண்ணட்டும் லா. எண்ணி முடிச்சா டீ குடிக்குமான்னு கேளு."

துணி காயவில்லை. நாளைக்கு யூனிஃபார்ம் ஈரம்தான்.

மே 7, புதன்

லேப்டாப்பில் ஆர்டர் விதிகள் போட்டாயிற்று. அரிசி இருபது பைக்குக் கீழே போனால் நாற்பது ஆகும் அளவுக்கு சிஸ்டமே ஆர்டர் போடும். மொத்த வியாபாரிக்கு இமெயில் தானாகப் போகும். இரண்டு நாளில் லாரி. ஞாயிறு அவர்களுக்கு லீவு, அதையும் சொல்லிவைத்துவிட்டேன். பருப்பு, எண்ணெய், சீனி எல்லாவற்றுக்கும் இதே மாதிரி. யாரும் யாருக்கும் ஃபோன் போட வேண்டாம்.

தலைவர் குணா அண்ணன் மூன்று தடவை விளக்கச் சொன்னார். போன வருடத் திருவிழாவில் ஆறாம் நாள் பருப்பு தீர்ந்து, இருநூறு பேருக்கு வெறும் ரசம் ஊற்றி அனுப்பினார்களாம். அந்த அவமானம் இன்னும் அவருக்கு ஆறவில்லை. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டதே.

"பத்து நாளும் ஒரு ஆள்கூட இலையில உக்காந்துட்டு முழிக்கக் கூடாதும்மா."

"முழிக்க மாட்டாங்கண்ணே. எழுதித் தரவா?"

வேண்டாம் என்றார். ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு.

மே 10, சனி

கொடியேற்றம். வெயில் மண்டையைப் பிளந்தது. நேற்றே லாரி வந்துவிட்டது, 28 பை, நான் யாரையும் கேட்காமல், யாரும் என்னைக் கேட்காமல். ஸ்டோரில் அரிசி கூரையைத் தொடுகிறது. ஃபோட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். "கல்யாண ஃபோட்டோவில்கூட நீ இப்படிச் சிரிக்கல" என்று பதில்.

முதல் நாள் ஆறு பை. குறையில்லாத சாப்பாடு.

மதியம் யாரோ மாணிக்கம் என்று ஃபோன். லூபோக் சீனா என்கிற ஊரிலிருந்து. செம்பனைக் குலை ஏற்றும் பனை லாரி ஓட்டுகிறாராம்.

"ஒம்பதாம் நாளுக்கு அரிசி வாங்கியாச்சும்மா. இருபது பை. எந்தப் பக்கமா இறக்கணும்?"

இருபது பையா? எங்கே வைப்பது? என் தலைமேலா?

"அண்ணே, ஸ்டோர் ஃபுல்லா இருக்கு. குறைஞ்சா சிஸ்டமே ஆர்டர் போட்டுடும். நீங்க ஏன் அவ்வளவு தூரம் சிரமப்படணும்? வேணாம்ணே. சாமி கும்பிட மட்டும் வாங்க."

லாரி எஞ்சினை அணைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "சரிம்மா."

தங்கமான மனிதர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

செருப்பு அறுந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

மே 12, திங்கள்

நேற்று எட்டு பை, இன்று நாலு. மீதி 22. நாளைக்கு இருபதுக்குக் கீழே போகும், ஆர்டர் போகும். அதைப் பெருமையாகப் பண்டாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் மாணிக்கம் ஃபோன் செய்ததையும் சொன்னேன்.

பண்டாரி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டார்.

"வேணாம்னா சொன்ன?"

"ஆமா. எதுக்கு?"

"மேட்டுத் தோட்டத்து ஆளும்மா அவரு. ஒம்பதாம் நாள் அவங்க உபயம்."

அப்புறம் அவர் சொன்னது, எனக்கு நினைவிருக்கும் வரை: தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய், செம்பனை போய், இப்போது தாமான், வரிசை வரிசையாக வீடுகள். ஆள்கள் லூபோக் சீனா, ஜாசின், ஜோகூர் என்று சிதறிவிட்டார்கள். முப்பது குடும்பம் இருக்கும். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் "மேட்டுத் தோட்டத்து மக்கள்" என்று மைக்கில் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவர்கள் கொண்டுவரும் அரிசிதான் உலையில் விழும். அவர்கள்தான் பரிமாறுவார்கள்.

"கோயில்ல அரிசி இருக்கா இல்லையான்னு பாத்து அவங்க கொண்டாரது இல்ல மாலா."

முதலில் கோபம்தான் வந்தது. அந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? ஒரு வார்த்தை? பிறகு யோசித்தேன். நான் கேட்டேனா? இந்தக் கோயிலுக்கு வர ஆரம்பித்து மூன்று வருடம், அதுவும் கடைசி நாள் மட்டும். எல்லாம் தெரிந்த மாதிரி விதி போட்டேன். வெட்கமாக இருக்கிறது. பதினாறு வருடத்தில் எந்த ஸ்க்ரூவும் என்னால் மனம் நொந்ததில்லை.

ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

சரி. தப்பு விதியில் என்றால் திருத்தமும் விதியில்தான். அரிசிக்கு மட்டும் ஆட்டோ ஆர்டரை நிறுத்தினேன்; பத்தாம் நாளுக்குத் தனியாக, திங்கள் காலை லாரி வரச் சொல்லிவிட்டேன். இருக்கும் 22இல் செவ்வாய் முதல் வெள்ளி வரை தினம் நாலு, பதினாறு. சனிக்கிழமைக்கு ஆறு. சனி மதியம் ஸ்டோரில் ஒரு பைகூட இருக்காது. ஞாயிறுதான் ஒன்பதாம் நாள்.

மே 13, செவ்வாய்

வேலை முடிந்து லூபோக் சீனா. வழியெல்லாம் சாலை வேலை. பழம் வாங்கிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு எப்படிப் போவது?

மாணிக்கம் அண்ணன் வீட்டு முன்னால் லாரி கழுவிக்கொண்டிருந்தார். என்னை விடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். யார் என்று சொன்னேன். குழாயை மூடினார்.

"உள்ள வாம்மா. பசியாறிட்டுப் போ."

அண்ணி மீ கோரெங் நூடுல்ஸ் வைத்தார். தட்டைத் தொடும் முன்பே மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல், "தெரியாம சொல்லிட்டேண்ணே, தப்பு என்னோடது" என்று.

"பரவால்லம்மா. ஆனா அரிசி இப்ப இல்ல. நீ வேணாம்னதும் மறுநாளே முதியோர் இல்லத்துல இறக்கிட்டேன். சாமிக்குன்னு வாங்குனதை வீட்டுல வச்சுத் திங்க முடியுமா?"

"ஞாயித்துக்கிழமை ஸ்டோர் காலியா இருக்கும்ணே. ஆர்டரை நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"நீங்க கொண்டு வருவீங்கன்னு."

அவர் அண்ணியைப் பார்த்தார். "எல்லாருக்கும் ஃபோன் போட்டு, நம்ம அரிசி இந்த வருஷம் வேணாமாம்னு சொல்லிட்டேம்மா. அதைச் சொல்லவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. இப்ப மறுபடியும் கூப்பிட்டு வேணுமாம்னு சொன்னா என்னை என்ன நினைப்பாங்க?"

"என்னைத் திட்டச் சொல்லுங்க."

சிரித்தார், பாதிச் சிரிப்பு. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கார்வரை வந்து கதவைச் சாத்திவிட்டார்.

வருவார்கள். எனக்குத் தெரியும்.

மே 15, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். அரிசி 10. மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. எண்ணெய் தானாக வந்தது, பருப்பு தானாக வந்தது. பண்டாரியே ஒப்புக்கொண்டார்: "பரவால்ல, டீ குடிக்காட்டியும் வேலை செய்யுது."

லூபோக் சீனாவிலிருந்து ஃபோன் இல்லை. நானும் போடவில்லை. ஒரு தடவை கூப்பிடலாம், இரண்டாம் தடவை அது நச்சரிப்பு.

செருப்பு இன்னும் வாங்கவில்லை.

மே 17, சனி

தலைவர் மதியம் ஸ்டோரைத் திறந்து பார்த்துவிட்டார். நான் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், பந்தி முடியட்டும் என்று. பந்தி முடிவதற்குள் சாவி அவர் கையில்.

"மாலா. அரிசி எங்க?"

"வயித்துலண்ணே. எல்லார் வயித்துலயும்."

சிரிக்கவில்லை. நாளைக்கு எழுநூறு பேர் வருவார்கள். கடை நாலு மணிக்கு மூடும், ஞாயிறு திறக்காது. அப்போது மணி மூன்று. இப்பவே போடு ஆர்டரை என்றார். அவசரம் என்றால் கடைக்காரர்களே கொண்டுவந்து இறக்கிவிடுவார்களாம்.

போட மாட்டேன் என்றேன். ஏன் என்றும் சொன்னேன், ஒன்று விடாமல், என் தப்பையும் சேர்த்து.

"அவங்க வரலன்னா?"

"வருவாங்க."

"வரலன்னா, நீதான் மைக்கைப் பிடிச்சு, சாப்பாடு இல்லன்னு சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேண்ணே."

நாலு மணி ஆகும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். விசிறிச் சத்தம். நாலு அடித்தது. போயிற்று.

பயம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் ஸ்டோரில் பத்து பை ஒளித்துவைத்துக்கொண்டு, "உங்களை நம்பித்தான் இருக்கிறோம்" என்று அவர்களிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்? காலி என்றால் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

மே 18, ஞாயிறு

ஆறு மணிக்கே கோயில். உலைத் தண்ணீர் ஏற்றியாயிற்று. பண்டாரி காய் நறுக்கினார். ஏழு. ஏழரை. தலைவர் கேட்டுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். மைக்கில் என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் ஒத்திகை.

ஏழே முக்காலுக்கு பனை லாரி. பின்னால் வேன், அதற்குப் பின்னால் கார், மோட்டார். நாற்பது பேருக்கு மேல்.

பைகள் இல்லை. அதாவது ஒரே மாதிரிப் பைகள் இல்லை. வாய் பிரித்து ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட். மைலோ டின். ஐஸ்கிரீம் டப்பா. எவர்சில்வர் தூக்கு. ஒரு அக்கா தலையணை உறையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"மறுபடியும் காசு கேக்க மனசு வரலம்மா," என்றார் மாணிக்கம் அண்ணன். "அவங்கவங்க வீட்டு அரிசியிலேர்ந்து எடுத்துக்கிட்டு வாங்கன்னேன். உன்னைத் திட்டவும் சொன்னேன்."

"திட்டினாங்களா?"

"நல்லா."

அந்தத் தலையணை உறையை வாங்கி உள்ளே கொண்டுபோனேன். இப்போது எழுதும்போது கண் எரிகிறது.

எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் கொட்டினார்கள். பொன்னி, சியாம் அரிசி, பாஸ்மதி, புழுங்கல், பச்சை. ஒன்று வேகும்போது ஒன்று குழையும். பண்டாரி ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"வெள்ளைச் சாதம் ஆகாது. சாம்பார் சாதம் போட்டுருவோம். குழைஞ்சா அதுக்குக் குத்தமில்ல."

எழுநூறு இல்லை, இன்னும் கூட இருக்கும். போதுமா என்று தலைவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். போதும் போதும் என்று பண்டாரி விரட்டினார். மைக்கைத் தலைவரே பிடித்தார். "மேட்டுத் தோட்டத்து மக்கள்" என்று அவர் சொன்னதும், பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றார்கள். ஜோகூரிலிருந்து வந்த பொடிசுகள்கூட. எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கழுவிக் கவிழ்த்த பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். அடுத்த வருடம் இந்தத் தப்பு நடக்கக் கூடாது. ஒன்பதாம் நாளுக்குத் தனி விதி, இப்போதே. மாணிக்கம் அண்ணன் கை துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அடுத்த வருஷம் உங்க அரிசி எத்தனை பைன்னு போடட்டும்?"

திரையில் எண் போடும் கட்டத்தை விரலால் தொட்டார்.

"எதுவும் போடாதம்மா. எங்க இடத்தைக் காலியா விடு."

விட்டேன். அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி சிஸ்டம் சிவப்பில் காட்டுகிறது. காட்டட்டும்.