நாலு பேருக்குக் கேட்டு வைத்த இடம்

என்னோடு கோபிக்கத் தெரியாத என் அப்பாவுக்கு,

உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. பியர்பொன்ட்ஸ் வீட்டுத் தபால்பெட்டியில் பீட்சாக் கடை விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது. அமெரிக்க முத்திரை, கையால் எழுதிய விலாசம். எங்களுடைய அந்த நீண்ட பெயரை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். இந்த நகரத்தில் எந்த அலுவலகமும் இதுவரை செய்யாத காரியம்.

அம்மா அதைத் தொடவில்லை. தங்கச்சி மிதுலாதான் எனக்குப் போன் அடித்துச் சொன்னாள். நான் தனியாக இருக்கும் லாசாலில் இருந்து பஸ் மாறி மாறி வந்து சேர இருட்டிவிட்டது. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்றே உடைத்து வாசித்தேன்.

எழுதியவர் பென்சில்வேனியாவில் வயல் செய்கிற ஒரு ஆமிஷ் கமக்காரர். பதில் பிந்தியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டிருந்தார். ஐப்பசியில் நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்ததாம். ஆடி மாதம் அவருடைய வயல் ஓரத்தில் கூடாரம் போட்டு மூன்று இரவு தங்கலாமாம். பாட்டைச் சத்தமாகப் போடவேண்டாம், தங்களைப் படம் எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வந்த வரிகளை மட்டும் அப்படியே சொல்கிறேன்.

“மழைத் தண்ணீர் நிற்காத மேட்டு நிலம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒரு இடம் இருக்கிறது. மூத்த மகள் பெரும்பாலும் வரமாட்டாள், ஆனாலும் நாலு பேருக்கு இடம் வையுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். வைத்திருக்கிறோம்.”

மிதுலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வரிகளைத் திரும்பவும் வாசித்தேன்.

அப்பா, எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல் எப்படி இந்த வேலை பார்த்தீர்கள்? நீங்கள் ஓட்டிய லொறியை எந்தத் தெருவோரத்தில் நிறுத்தி எழுதினீர்கள்? “பெரும்பாலும் வரமாட்டாள்” என்று எழுதும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது?

மிச்சத்தை அம்மா சொன்னார். சாமான் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகும் போதெல்லாம் குதிரை வண்டிகளுக்குப் பின்னால், ஹோர்ன் அடிக்காமல், ஊர்ந்து ஊர்ந்து போவீர்களாம். அந்த ஆமிஷ் சனம் தங்கள் சமயத்துக்காகக் காரும் மின்சாரமும் வேண்டாம் என்று விட்டவர்கள் என்று விளக்கம் சொல்வீர்களாம். தெருவோர மேசையில் வாங்கிவந்த பீட்ரூட் ஊறுகாயை, இனிக்கிறது என்று அம்மா வாயில் வைக்கவில்லையாம். அதே மேசையடியில்தான் இந்த மனிதரைப் பழக்கம் பிடித்தீர்களாம். ஒருநாள் பொழுது படும் நேரம் அவருடைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னீர்களாம்: “எங்கட சண்டைக் காலம் மாதிரி அங்கயும் கறன்ற் இல்லையப்பா. ஆனா ஒருத்தருக்கும் பயம் இல்லை.”

போன ஆடியில் நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் நான் சொல்லத்தான் வேண்டும். மிதுலாவின் பிறந்தநாள். தன் சிநேகிதிகள் எல்லாரும் குடும்பத்தோடு காம்பிங் போகிறார்கள், நாங்களும் ஒருதரம் போவோமா என்று கேட்டாள். எனக்குப் பத்து வயதில் சொன்ன அதே பதிலை அவளுக்கும் சொன்னீர்கள். கூடாரத்தில் படுத்தது காணும், இனி வேண்டாம். ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து நாங்கள் கூடாரத்தில் இருந்த கதை எனக்குப் பொதுவாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

“முப்பது வருசமா நீங்கள் அந்தக் கூடாரத்துக்குள்ளயேதான் இருக்கிறீங்கள். எங்களையும் அதுக்குள்ள பிடிச்சு வைக்காதேங்கோ.”

நீங்கள் சாப்பாட்டை அரைவாசியில் விட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனீர்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு லாசாலுக்குப் போனேன். நியாயம் என் பக்கம் என்று நினைத்தேன். ஞாயிறு தோறும் ரோட்டில் இருந்து போன் எடுத்தீர்கள். மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன பிடிவாதம் அப்பா அது? நிச்சயம் அது உங்களிடம் இருந்து வந்தது அல்ல.

மார்கழியில் ஒருநாள் லொறிகள் நிற்கிற வளவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது இந்தப் பயணத்துக்கு ஆயத்தம் செய்வது நாங்கள் மூன்று பேர். கர்க்லாண்டில் இருக்கும் பெரியம்மாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஒரு வருடத்து ஆட்டைத் திவசம் முடியாமல் உல்லாசப் பயணமா, சனம் என்ன சொல்லும் என்று கேட்டார். அம்மா சத்தம் போடவில்லை. அவர் கேட்டு வைத்த இடத்துக்குத்தான் போகிறோம், உல்லாசத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். மிதுலா சாமான் பட்டியல் போடுகிறாள். அடுப்பு, போர்வை, நுளம்பு கடிக்காமல் பூசுகிற மருந்து. அம்மா தன் பங்குக்கு மிளகாய்த்தூள் இரண்டு போத்தல். மூன்று இரவுக்கு இரண்டு போத்தல் எதற்கு என்று கேட்டால் முறைக்கிறார்.

நான்தான் இழுத்தடித்தேன். நீங்கள் ஆசையாக வைத்த இடத்தில் போய்ப் படுக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

மாசியில் கூடாரம் வாங்கப் போனோம். கடைக்குள் ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வருமா என்று விற்கிற பெடியனிடம் கேட்கச் சொன்னார் அம்மா. மிதுலா பிரெஞ்சில் கேட்டாள். வராது என்றான். திரும்பவும் கேட்கச் சொன்னார். பிறகு ஸ்நோ சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து உள்ளே போய் இருந்துவிட்டார். வெளியே வரவில்லை. பெடியன் பயந்துபோய் “சா வா, மதாம்?” என்று சுகம் கேட்டான். நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்: “உனக்கு ஒரு வயசு. காய்ச்சல் வேற. ராத்திரி கூடாரத்துக்குள்ள தண்ணி முழங்கால் மட்டும் வந்திட்டுது. விடியுமட்டும் அப்பா உன்னைத் தோளில போட்டுக்கொண்டு நிண்டவர். நான் கேட்டும் தரேல்லை. உனக்கு இதைச் சொல்லக்கூடாது எண்டவர், பிள்ளைக்கு அந்தப் பாரம் வேண்டாமாம்.”

அந்தக் கடையில், அந்தக் கூடாரத்துக்குள், அம்மாவின் மடியில் விழுந்து அழுதேன். நீங்கள் நின்ற அந்த இரவைத்தான் நான் சாப்பாட்டு மேசையில் வைத்து உங்கள் முகத்தில் எறிந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே அப்பா. ஏன் சொல்லாமல் எழும்பிப் போனீர்கள்?

கூடாரத்தை வாங்கிவிட்டோம். அந்தக் கமக்காரருக்கு ரெலிபோன் இல்லை, தாளில்தான் பதில் எழுதவேண்டும். நேற்று எழுதினேன். அப்பா காலமாகிவிட்டார், ஆனாலும் நாங்கள் வருகிறோம் என்று எழுதி, எத்தனை பேர் என்ற இடத்தில் நாலு என்று போட்டேன். கடித உறையை ஒட்டப்போகும் நேரம்தான் கண்ணில் பட்டது. இத்தனை மாதத்துக்குப் பிறகு வீட்டுக் கணக்கில் என்னையும் சேர்த்திருக்கிறேன். உங்களைக் கழிக்க மறந்துவிட்டேன்.

புதுத் தாள் எடுத்து மூன்று என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு பின்னேரம் போனது.

நான் போவேன், அப்பா. அம்மாவுக்கும் மிதுலாவுக்கும் நடுவில் படுப்பேன். விடிந்ததும் வெளியே வந்து, நீங்கள் போன் எடுத்த ஞாயிறுகளில் சொல்லியிருக்கவேண்டிய மன்னிப்பை வாய்விட்டுச் சொல்வேன். உங்களுக்குக் கேட்காது, தெரியும். ஆனாலும் சொல்வேன்.

வரமாட்டாள் என்று தெரிந்தும் நீங்கள் இடம் கேட்டு வைத்த
உங்கள் மூத்த மகள்,
சாரு