பதினேழாம் நாற்காலி

என் தங்க மருமகளுக்கு,

மொழித் தேர்வில் மதிப்பெண் குறைந்ததென்று மூன்று வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாயாம். மறுதேர்வும் எழுத மாட்டாயாம்.

நான் எட்டாம் வகுப்புத்தான். ஆனாலும் அந்தத் தேர்வு மையத்தைத் திறந்து பூட்ட நான் இல்லாவிட்டால் ஒரு பயலும் பட்டம் வாங்க முடியாது.

நீ உட்கார்ந்து தேர்வெழுதிய பதினேழாம் நாற்காலி அன்றிலிருந்து காலியாகவில்லை. மத்தியானம் பூட்டப் போனால், உன் சாயலில் ஒருத்தி கணினி முன் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் அர்த்தம் ஒப்பிக்கிறாள். ஒன்றுகூடத் தப்பில்லை, எனக்கே தெரிகிறது! வேறொருவன் என்றால் அலறியிருப்பான். நான் மின்விசிறியைப் போட்டுவிட்டேன்.

நேற்று திரும்பாமலே கேட்டாள்: "மாமா, அவ மறுபடி எழுத வரமாட்டாளா?"

"வருவாம்மா, கொஞ்சம் கோவம்."

"வரலைன்னா நானே எழுதிட்டு, வீட்டுக்கும் நானே போயிக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தேர்வு. ஒன்பதரைக்கே வந்துவிடு, கண்ணு. எனக்குப் பயமெல்லாம் கிடையாது. உன் வீட்டு முகவரியை நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருக்கிறது.

எதற்கும் கலங்காத,
உன் தாய்மாமன்